முதல் மதிப்பெண்ணும் முதிராத உள்ளமும்

வகுப்பில் முதலாவதாக வருகிற மாணவனைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. தேறாதவனுக்குத் தனி வகுப்பு உண்டு. நோயுற்றவனுக்கு விடுப்பு உண்டு. ஏழைக்கு உதவித்தொகை உண்டு. முதல் மாணவனுக்கு என்ன குறை? கைதட்டல் இருக்கிறது; அதுவே போதும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அவன் உள்ளத்திற்கும் சில இடர்கள் உண்டு என்று உளநூல் வல்லார் ஒரு நூற்றாண்டாக எழுதி வந்திருக்கிறார்கள். நான் பௌதிகம் பயில்பவன். உளநூல் எனக்கு அயல்நாடு. எனினும் நம் பல்கலைக்கழக நூலகத்தில் அத்துறை நூல்கள் இருக்கும் அடுக்குகளின் இடையே கடந்த ஓராண்டாக அடிக்கடி திரிந்து வருகிறேன். அதற்குக் காரணம் உண்டு, பின்னர்ச் சொல்கிறேன்.

கல்வி நூல்கள் “மீத்திறன் மாணவர்” என்று குறிப்பிடுவோரை நம் ஊர்களில் “மூளைக்காரப் பிள்ளை” என்பார்கள். அந்த மூளையை அளக்கக் கோல் ஒன்று வேண்டுமென்று எழுந்ததே நுண்ணறிவு ஈவு. அதன் பழைய கணக்கு எளியது. பத்து வயதுச் சிறுவன் பதினான்கு வயதினர்க்குரிய வினாக்களுக்கு விடை கூறுவானாயின், அவனுடைய மனவயது 14. அதனை உடல்வயதாகிய 10-ஆல் வகுத்து நூறால் பெருக்க, 140 வரும். இன்று ஒத்த வயதினரின் சராசரியிலிருந்து ஒருவன் எவ்வளவு விலகி நிற்கிறான் என்று கணக்கிடுகிறார்கள், அது இருக்கட்டும். பழைய கணக்கில் ஒரு நயம் உண்டு. ஒரே சிறுவனுக்குள் இரண்டு வயதுகள் இருப்பதை அது ஒப்புக்கொள்கிறது. அக்கணக்கில் சேராத மூன்றாவது வயது ஒன்றும் உண்டு: தோற்றபோது குலையாமல் நிற்கவும், அயலானோடு பழகவும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் வேண்டிய வயது. அதனை மனவெழுச்சி முதிர்ச்சி என்பர். மனவயது 14 ஆகிவிட்டதால் இதுவும் 14 ஆகிவிடுவதில்லை. பெரும்பாலும் உடல்வயதோடே இது நடக்கிறது. சிலரிடம் அதற்கும் பின்தங்கி வருகிறது.

மேதை என்றாலே மெலிந்த உடல், நோய், சற்றே கிறுக்கு என்ற எண்ணம் மேலைநாட்டில் நெடுங்காலம் நிலவியது. அதனைச் சோதித்துப் பார்க்க 1921-இல் முனைந்தார் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயி டெர்மன். கலிபோர்னியா மாநிலத்துப் பள்ளிகளிலிருந்து மீத்திறன் படைத்த 1,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் திரட்டி, அவர்களை வாழ்நாள் முழுவதும் பின்தொடரத் திட்டமிட்டார். 1925-இல் முதல் தொகுதி வெளிவந்தது. பழைய எண்ணம் பொய்யாயிற்று. அப்பிள்ளைகள் மற்றவர்களைவிட உடல்நலத்தில் குறைந்தவர்களாக இல்லை. பழக்க வழக்கங்களிலும் நன்றாகவே இருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, “அப்படியானால் கவலை எதற்கு?” என்று நூலை மூடிவிடக் கூடாது. அப்பிள்ளைகளைப் பொறுக்கியவிதம் ஒன்று இருக்கிறது. வகுப்பில் யார் கெட்டிக்காரர் என்று ஆசிரியர்கள் முதலில் பெயர் கொடுத்தார்கள். அவர்களுக்கே சோதனை நடந்தது. ஆசிரியர் கண்ணில் படாத ஊமைப் பிள்ளை அந்த வலையில் விழவில்லை. சோதனைக்கு வந்தும் விடப்பட்டவர்கள் இருவர் பின்னர் நோபல் பரிசு பெற்றனர்: வில்லியம் ஷாக்லி 1956-இல், லூயி ஆல்வாரஸ் 1968-இல். இருவரும் எங்கள் பௌதிகத் துறைக்காரர்கள் என்பதை இங்கே சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிறிது மகிழ்ச்சி. டெர்மன் திரட்டிய கூட்டத்திலிருந்து ஒரு நோபல் பரிசும் வரவில்லை.

இதைவிடச் சிந்திக்க வைப்பது 1947-இல் வந்த தொகுதி. பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகு, ஆடவருள் மிகச் சிறந்து விளங்கிய 150 பேரையும், எதிர்பார்த்த அளவு விளங்காத 150 பேரையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தார்கள். நுண்ணறிவு ஈவில் இரு கூட்டத்தாருக்கும் பெரிய வேற்றுமை இல்லை. வேற்றுமை எங்கே இருந்தது? விடாமுயற்சியில், குறிக்கோளில், தன்னம்பிக்கையில், தாழ்வு மனப்பான்மை இல்லாமையில். அதாவது அந்த மூன்றாவது வயதில்!

இதே காலத்தில் நியூயார்க் நகரில் லீட்டா ஹாலிங்வொர்த் என்னும் அம்மையார் வேறு வகையில் பணி செய்தார். ஆயிரம் பேரை அளப்பதைவிட, மிகமிக உயர்ந்த திறன் படைத்த சிலரை அருகிருந்து பார்ப்பது அவருடைய முறை. 180-க்கு மேல் ஈவு பெற்ற பிள்ளைகளைப் பற்றிய அவருடைய நூல், அவர் மறைந்து மூன்றாண்டு கழித்து, 1942-இல் வெளிவந்தது. சற்று உயர்ந்த திறனுடைய பிள்ளைகள் எளிதில் தோழமை கொள்கிறார்கள். 125 முதல் 155 வரை உள்ளவர்களே கூட்டத்தோடு மிக நன்றாகப் பொருந்துகிறார்கள். அதற்கும் மேலே போனால் பேச்சுத்துணை அற்றுப் போகிறது என்று அவர் கண்டார். அந்தப் பிள்ளை விளையாட்டுக்கு ஒரு விதி சொல்லும். மற்றப் பிள்ளைகளுக்கு அது விளங்காது. ஓரிரு முறை விரட்டப்பட்ட பின்னர் அது தனியே புத்தகத்தோடு உட்காரும். பெரியவர்கள் அதனைப் பார்த்து, “எவ்வளவு அடக்கமான பிள்ளை!” என்பார்கள்.

இனி இருவர் கதைக்கு வருவோம்.

1909-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டு சிறுவர்கள் சேர்ந்தார்கள். ஒருவன் வில்லியம் ஜேம்ஸ் சிடிஸ், வயது பதினொன்று. மற்றவன் நார்பர்ட் வீனர். பதினான்கு வயதிலேயே டஃப்ட்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்று, மேற்படிப்புக்கு வந்தவன். இருவரும் நம்மைப்போலப் பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள். ருஷ்யப் பேரரசிலிருந்து அமெரிக்கா சென்ற யூதத் தந்தையரின் மக்கள். இருவருடைய தந்தையரும் கற்றோர். தம் மகனைத் தாமே ஒரு புது முறையில் வார்த்தெடுக்கலாம் என்று நம்பியவர்கள். நாளேடுகள் இருவரையும் துரத்தின.

1910 சனவரியில் ஹார்வர்டு கணிதக் கழகத்தின் முன்னே சிடிஸ் நான்கு பரிமாணப் பொருள்களைப் பற்றிச் சொற்பொழிவாற்றினான். கேட்டவர்களில் வீனரும் ஒருவர். எந்த வயது மேற்பட்ட வகுப்பு மாணவனுக்கும் அந்த உரை பெருமை தரக்கூடியது என்று பிற்காலத்தில் எழுதினார். ஆனால் உரை முடிந்த பின் அந்தப் பதினொரு வயதுப் பிள்ளை யாரோடு விளையாடப் போவான்? உடன் படித்தவர்களுக்கு மீசை முளைத்திருந்தது. பதினாறு வயதில் பட்டம் பெற்றான். டெக்சாஸ் மாநிலத்தில் சிறிது காலம் கணிதம் கற்பித்தான், மாணவர்கள் அவனைவிட மூத்தவர்கள், அது நிலைக்கவில்லை. பிறகு சிடிஸ் உலகின் கண்ணிலிருந்து விலகிக்கொண்டார். கணக்குப் பொறியை இயக்கும் சிறு வேலைகளைத் தேடிக்கொண்டார். திறமை தெரிந்தால் அங்கிருந்தும் விலகினார். டிராம் வண்டிகளில் தரும் மாற்றுச் சீட்டுகளைச் சேகரித்து, அவற்றைப் பற்றிப் புனைபெயரில் 1926-இல் ஒரு நூலே வெளியிட்டார். 1937-இல் ஒரு வார ஏடு அவரைத் தேடிப் பிடித்து, “அந்த மேதைச் சிறுவன் இப்போது எப்படியிருக்கிறான், பாருங்கள்” என்ற பாங்கில் எழுதியது. தனிமையில் வாழும் உரிமை கேட்டு வழக்கிட்டார், 1940-இல் தோற்றார். 1944-இல், 46-ஆம் வயதில், மூளையில் இரத்தக் குழாய் வெடித்து இறந்தார்.

சிடிஸ் வீணாய்ப் போனார் என்று எழுதுவது வழக்கம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒருவருக்கு டிராம் சீட்டுப் பிடித்திருந்தால் அதில் நமக்கென்ன இழப்பு? அவர் விரும்பியதைச் செய்தார் என்பதல்ல, ஓடி ஒளிந்துகொண்டு செய்ய வேண்டியிருந்தது என்பதே துயரம்.

வீனர் வாழ்வும் மலர்ப் பாதை அன்று. பாடம் சொல்லும்போது ஒரு பிழை வந்தால் தந்தை சீறி விழுவாராம். அதைவிட ஆழமாய்ப் பட்ட காயம் வேறு. “என் மகன் சாதாரணப் பிள்ளைதான்; என் பயிற்சிதான் அவனை இப்படி ஆக்கியது” என்ற கருத்தைத் தந்தை ஏட்டில் வெளியிட்டார். அதைப் படித்த மகன், ‘வெற்றியெல்லாம் அப்பாவுடையது, தோல்வி மட்டும் என்னுடையதா?’ என்று குமைந்தார். வாழ்நாள் முழுதும் மனச்சோர்வு அவரை அவ்வப்போது பிடித்து ஆட்டியது. ஆனாலும் பதினெட்டு வயதில் டாக்டர் பட்டம் பெற்று, 1919 முதல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றி, 1948-இல் ‘சைபர்நெடிக்ஸ்’ என்னும் துறைக்கே பெயர் சூட்டினார். 1955–56-இல் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சில மாதங்கள் தங்கிக் கற்பித்தார்.

ஒரே ஊர், ஒரே ஆண்டு, ஒரே வகை வளர்ப்பு. எங்கே பிரிந்தன பாதைகள்? இரண்டு வாழ்க்கைகளை வைத்து விதி வகுக்க முடியாது. அறிவியல் மாணவன் அப்படிச் செய்தால் நகைப்புக்கிடம். எனினும் ஒன்று என் கண்ணில் பட்டது. வீனர் தம் இளமை வரலாற்றை 1953-இல் எழுதியபோது, ஹார்வர்டைவிட மிகுந்த அன்போடு நினைவு கூர்வது ஏயர் என்னும் சிற்றூர் உயர்நிலைப் பள்ளியைத்தான். அங்கே தன்னைவிட ஏழெட்டு வயது மூத்த மாணவர்களிடையே படித்தான் அந்தச் சிறுவன். அவர்கள் அவனைக் காட்சிப் பொருளாகப் பார்க்காமல் தம்பியாகப் பார்த்தார்கள். ஒளிந்துகொள்ளத் தேவையில்லாத ஓரிடம் அவனுக்குக் கிடைத்திருந்தது.

புகழ்ச்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏனெனில் நம் வீடுகளில் அதற்குக் குறைவில்லை. “எங்க தம்பி படிக்கவே வேணாம், ஒருதரம் பார்த்தாலே போதும்” என்று உறவினர் முன்னிலையில் சொல்லப்படாத கெட்டிக்காரன் நம்மில் யார்? 1998-இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனையைக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு உருவப் புதிர்கள் கொடுத்தார்கள். எல்லோரிடமும் நன்றாகச் செய்ததாகச் சொன்னார்கள். சிலரிடம், “நீ புத்திசாலி, அதனால்தான்” என்றார்கள். சிலரிடம், “நீ நன்றாக உழைத்தாய், அதனால்தான்” என்றார்கள். வேறுபாடு அந்த ஒரு வாக்கியமே. அடுத்து, மிகக் கடும் புதிர்கள். மூன்றாவதாக, மறுபடி முதலில் கொடுத்த அளவுக்கு எளிய புதிர்கள். புத்திசாலி என்று புகழப்பட்டவர்கள் முதல் முறையைவிட இப்போது குறைவாகச் செய்தார்கள். உழைப்பாளி என்று புகழப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்தார்கள்.

அதுகூடப் பெரிதல்ல. முகம் தெரியாத வேறு பள்ளிப் பிள்ளை ஒன்றுக்குத் தம் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, புத்திசாலி என்று புகழப்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்குச் சற்றுக் குறைவானோர் பொய் எழுதினார்கள். மற்றக் கூட்டத்தில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர். மனப்பான்மையை மாற்றினால் மதிப்பெண் மளமளவென்று உயரும் என்று பின்னாளில் சிலர் முழங்கியதற்கு அவ்வளவு சான்று கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் பொய் எழுதிய பிள்ளைகள் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஏன் என்று இப்போது சொல்லலாம்.

நான் தென்பாண்டி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தமிழ்வழி படித்தவன். பள்ளியில் முதல்வன், கல்லூரியில் முதல்வன். நுழைவுத் தேர்வில் தேறி இங்கு வந்தபோது ஊரில் என் படம் போட்டுப் பதாகை வைத்தார்கள். முதல் பருவத்தில், குவாண்டம் பாடத்தில், ஐம்பதுக்குப் பதினொன்று வாங்கினேன். அன்று இரவு அம்மா தொலைபேசியில், “என்னப்பா, பரிட்சை எப்படி?” என்று கேட்டார்கள். “நல்லா எழுதியிருக்கேம்மா, இங்கயும் நான்தான் முதல்” என்றேன். முகம் தெரியாத பிள்ளைக்குக்கூட அல்ல, பெற்ற தாய்க்கு!

வகுப்பில் எனக்கு விளங்காதபோது கையை உயர்த்த முடியவில்லை. ஆங்கிலம் தடுக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பாதி உண்மை. மறுபாதி, கேட்டுப் பழக்கமில்லை. பதினைந்து ஆண்டுக் கல்வியில் நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேனே தவிர, இன்னொருவன் பக்கத்தில் உட்கார்ந்து, “இது வரலை, சொல்லிக் குடு” என்று கேட்டதில்லை. மற்ற மாணவர்கள் ஐந்தாம் வகுப்பிலேயே கற்றுக்கொண்ட அந்த வித்தையை நான் இருபத்திரண்டு வயதில் தொடங்க வேண்டியிருந்தது.

என்னைப் போன்றோர்க்கு நேர்வதற்கு ஒரு பெயர் இருப்பதை நூலகத்தில்தான் கண்டேன். ஹெர்பர்ட் மார்ஷ் என்னும் அறிஞர் 1980-களில் ஆராய்ந்தது. ஒரே அளவு திறனுள்ள இரு மாணவர்களில், திறன் மிகுந்தோர் நிறைந்த பள்ளியில் படிப்பவன் தன்னைத் தாழ்வாக மதிப்பிடுகிறான். சாதாரணப் பள்ளியில் படிப்பவன் உயர்வாக மதிப்பிடுகிறான். சிறு குளத்தில் பெரிய மீனாய் இருந்தது ஏரிக்கு வந்ததும் தன்னைச் சிறிது என்று எண்ணுகிறது. மீனின் நீளம் மாறவில்லை. 2003-இல் 26 நாடுகளின் மாணவர்களிடம் பார்த்தபோதும் இப்போக்கே தெரிந்தது. நம் நாட்டிலோ குளத்து மீனை ஏரிக்குக் கொண்டுவர ஏற்பாடுகள் பல. 1963-இல் டில்லியில் பத்து உதவித்தொகைகளோடு தொடங்கப்பட்ட தேசிய அறிவியல் திறன் தேடலை அவற்றுள் மூத்தது எனலாம். தேடுவதற்குத் தேர்வு வைத்தோம். கண்டெடுத்த பிறகு பிள்ளை எப்படி உறங்குகிறான் என்று பார்க்க யாரையும் வைக்கவில்லை.

உறங்குவது என்று நான் சொன்னது உருவகமல்ல. கணித மேதை இராமானுசன் வாழ்க்கை நாம் அறிந்ததுதான். பள்ளிநாளில், உடன் படித்தவன் ஒருவன் எண்கணிதத்தில் தன்னைவிடச் சற்றே அதிகம் வாங்கியதைத் தாங்கமாட்டாமல் நொந்துபோன பிள்ளை அவர். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, கணிதம் தவிர மற்றப் பாடங்களைப் புறக்கணித்து, அந்தத் தொகையை இழந்தார். 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். மறு ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. அங்கும் தேர்வில் தவறினார். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார்.

அங்கே அப்போது பயின்றுகொண்டிருந்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிசு. பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கி, வீனரைக் கல்கத்தாவுக்கு அழைத்தவரும் அவரே. ஒரு குளிர்நாளில் இராமானுசன் அறைக்குச் சென்றவர், “இரவில் குளிரில்லாமல் இருக்கிறதா?” என்று கேட்டார். மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர்கிறது என்றார் இராமானுசன். போர்வை போதவில்லையோ என்று மகலனோபிசு உள்ளே போய்க் கட்டிலைப் பார்த்தார். போர்வைகள் பல இருந்தன! ஆங்கிலேயர் வழக்கப்படி அவற்றை மெத்தையோடு சேர்த்து இறுகச் செருகி, மேலே விரிப்பு விரித்திருந்தார்கள். அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது இராமானுசனுக்குத் தெரியவில்லை. போர்வைகளின் மேலே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார். மகலனோபிசு போர்வையை விலக்கிக் காட்டினார். இராமானுசன் நெகிழ்ந்து போனார்.

எண்களின் உள்மறைவுகளைக் கண்ட மனிதர், “இந்தக் கட்டிலில் எப்படிப் படுப்பது?” என்று ஒருவரையும் கேட்கவில்லை. அவரும் முதலில் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவர் வந்து கேட்டார், கேட்டதோடு நில்லாமல் உள்ளே போய்ப் பார்த்தார். போர், உணவுத் தட்டுப்பாடு, நோய், தனிமை எல்லாம் சேர்ந்து 1918-இல் இராமானுசன் தம் உயிரைப் போக்கிக்கொள்ளவும் முயன்று காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டில்தான் அவருக்கு இராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்னும் பெருமையும் வந்தது. 1920-இல், 32 வயதில் மறைந்தார்.

என் கட்டிலைப் பார்த்தவர் எங்கள் துறையில் அப்போது ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு தமிழ் அண்ணன். ஓர் இரவு உணவுக்கூடத்தில் என்னை உற்றுப் பார்த்துவிட்டு அறைக்கு வந்தார். “பேப்பரை எடுடா” என்றார். “எந்தப் பேப்பர் அண்ணே?” என்றேன். “நீ ஒளிச்சு வச்சிருக்கிற பேப்பர்.” பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் வினாவைப் பார்த்து, “இதுல எந்த வரியில நின்னுட்ட?” என்று கேட்டார். விடிய இரண்டு மணி வரை இருந்தார். தம்முடைய பழைய விடைத்தாளையும் மறுநாள் கொண்டுவந்து காட்டினார், ஒன்பது மதிப்பெண்!

எனக்கு அண்ணன் வாய்த்தார். சென்ற ஆண்டு நம்மிடையே சேர்ந்த ஒரு தம்பிக்கு யாரும் வாய்க்கவில்லை. பொங்கல் விழாவில் நன்றாகப் பாடினவர். நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. படிப்பு முடியாமலே நின்றுவிட்டார் என்று பிறகு அறிந்தோம். அவருடைய சாமான்களைக் கட்டி அனுப்பும் வேலை எனக்கு வந்தது. கணக்குப் புத்தகத்தின் உறைக்குள் நான்காய் மடித்த விடைத்தாள்கள் மூன்று இருந்தன. அன்று தொடங்கியதுதான் எனது நூலக வாசம். அவர் அறை என் அறையிலிருந்து ஆறாவது. ஆண்டு முழுதும் எதிர்ப்படும்போதெல்லாம், “எப்படிப்பா படிக்கிற?” என்று கேட்டிருக்கிறேன், “நல்லா படிக்கிறேன் அண்ணே” என்றிருக்கிறார். நான் அம்மாவிடம் சொன்ன அதே விடை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாணவியர் நிலையும் வேறன்று. 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் இருவர் தத்தம் துறையில் உயர்ந்த பெண்கள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரிடம் பேசிப் பார்த்தார்கள். பட்டமும் பதவியும் பெற்றும், ‘ஏதோ தவறுதலாக எனக்கு இது கிடைத்துவிட்டது, ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள்’ என்று அஞ்சுவோர் அவர்களிடையே இருந்தனர். நம் சங்கத்துச் சகோதரிகள் சிலரிடம் இதை நான் சொன்னபோது, ஒருவர்கூட வியப்படையவில்லை.

இவ்வாண்டு நாங்கள் ஆறு பேர் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம், இருவர் மாணவியர். ஞாயிறு மாலையில் முதலாண்டுத் தமிழ் மாணவர் அறைகளுக்கு இருவர் இருவராகப் போகிறோம். எப்படிப் படிக்கிறாய் என்று கேட்பதில்லை என்பது எங்கள் ஒரே விதி. “இந்த வாரம் எந்தக் கணக்கு வரலை?” என்று கேட்கிறோம். கையில் எங்கள் பழைய விடைத்தாள்களையும் எடுத்துப் போகிறோம். என் பதினொன்றுதான் அதிகம் பேர் பார்த்தது. உளநூல் மருந்தாக இதை நான் கருதவில்லை. துயரம் ஆழமாயிருந்தால் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்திற்கு நாங்களே கூட நடந்து போகிறோம். இதுவரை இருவரோடு போயிருக்கிறோம். ஆட்கள் போதவில்லை. முப்பத்தொரு அறைகளுக்கு ஆறு பேர். வர விரும்புவோர் ஞாயிறு நான்கு மணிக்குச் சங்க அறைக்கு வரலாம். மதிப்பெண் குறைந்த பழைய விடைத்தாள் ஒன்று இருந்தால் எடுத்து வாருங்கள்.

சென்ற ஞாயிறு இரண்டாம் மாடியில் ஒரு தம்பி, “எனக்கு எல்லாம் வருது அண்ணே” என்றார். சரி என்று எழுந்தோம். கதவு வரை வந்தவர், “அந்தப் பதினொன்னு வாங்குன பேப்பரைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று கேட்டார். மறுபடி உட்கார்ந்தோம்.